இட்லிப்பூ வளக்கணுமா? உரத்துக்கு முன்னாடி தண்ணியையும் மண்ணையும் பாருங்க

இட்லிப்பூ செடி புதுசா வாங்கினவங்க கேக்குற கேள்வி பெரும்பாலும் ஒண்ணுதான். "நர்சரில இருந்தப்ப கரும்பச்சையா கொத்துக் கொத்தா பூத்திருந்துச்சுங்க, நம்ம வீட்டுக்கு வந்து மூணு நாலு மாசத்துல இலையெல்லாம் வெளுத்துப் போச்சு, பூவும் நின்னுடுச்சு, என்ன உரம் போடலாம்?" உரத்தைப் பத்தி அப்புறம் பேசுவோம். இந்தச் செடிக்கு லேசா அமிலத்தன்மை இருக்கிற மண்ணு வேணும், பிஎச் (மண்ணோட அமில-கார அளவு, 7ன்னா நடுநிலை, அதுக்குக் கீழ அமிலம், மேல காரம்) 5லருந்து 6 வரைக்கும் இருந்தா சந்தோஷமா வளரும், ஆனா நம்ம வீடுகள்ல போர் தண்ணியும் காம்பவுண்ட் சுவர் ஓரத்து மண்ணும் அதுக்கு நேர் எதிரா காரமா, சுண்ணாம்பா இருக்கு. இதை மட்டும் சரி பண்ணிட்டா இட்லிப்பூ மாதிரி அலட்டிக்காம வருஷம் முழுக்க பூக்குற செடி வேற இல்லன்னு தைரியமா சொல்வேன்.

இது வெளிநாட்டுச் செடின்னு சிலர் நினைக்கிறாங்க, இல்லவே இல்ல. தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இதுக்குச் சொந்த ஊர். சங்க இலக்கியத்துல ஆநிரை கவரப் போற வீரர்கள் சூடிட்டுப் போன வெட்சி இதுதான், தொல்காப்பியத்துல வெட்சித் திணைன்னே ஒரு திணை இருக்கு, முருகனுக்கும் உகந்த பூ. கேரளாவுல தெச்சின்னு சொல்வாங்க, அங்க கோயில் பூஜையில இது இல்லாம நடக்காது. காபிச் செடியோட குடும்பத்தைச் சேர்ந்தது. பூவை ஒண்ணு பிடுங்கிப் பாருங்க, நாலு இதழ், அதுக்குக் கீழ ஊசி மாதிரி நீளக் குழல், குழலோட அடியில ஒரு துளி தேன். சின்ன வயசுல அதை உறிஞ்சாத ஆளு கிராமத்துல இருக்க மாட்டாங்க. குழல் நீளமா இருக்கறதால நீளமான உறிஞ்சுகுழல் இருக்கிற பட்டாம்பூச்சியும் தேன்சிட்டும் இதைத் தேடி வரும், மாடித் தோட்டத்துல ஒரு தொட்டி வச்சாலே வரும்.

எந்த ரகம் வாங்கலாம்

இடத்தைப் பாத்துட்டு ரகத்தை முடிவு பண்ணுங்க. நாட்டு ரகம் சிவப்பு பூ, பெரிய இலை, விட்டா ஆள் உயரத்துக்கு மேல போகும், தரையில வைக்கிறதுக்கு இதுதான் பெஸ்ட், நம்ம வெயிலையும் மழையையும் நல்லா தாங்கும். நர்சரில மினி இட்லிப்பூன்னு கேட்டா சின்னச் சின்ன இலையா நெருக்கமா இருக்கிற குட்டை ரகம் குடுப்பாங்க, ரெண்டு மூணு அடிக்குள்ள நிக்கும், தொட்டிக்கும் வேலி ஓரத்துக்கும் சரியா இருக்கும். மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ், வெள்ளை எல்லாமே கிடைக்குது. முதல் தடவை வளக்குறவங்க சிவப்புலயோ ஆரஞ்சுலயோ ஆரம்பிங்கன்னுதான் சொல்வேன்.

நர்சரில செடி எடுக்கும்போது பூவைப் பாத்து மயங்காதீங்க. நுனி இலையைப் பாருங்க, புதுசா வந்த ரெண்டு ஜோடி இலை நல்ல நிறத்துல பளபளன்னு இருக்கணும். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்க, வெள்ளையா பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தா மாவுப்பூச்சி, பழுப்பு நிறத்துல சின்னச் சின்ன பொட்டு மாதிரி இருந்து நகத்தால சுரண்டினா பேந்து வந்தா செதில் பூச்சி, ரெண்டுல எது இருந்தாலும் அந்தச் செடி வேண்டாம். நாலஞ்சு கிளை அடியிலருந்தே பிரிஞ்சு மொட்டு மட்டும் வச்சிருக்கிற செடி கிடைச்சா அதை எடுங்க, பூத்து முடிஞ்ச செடியை விட அது நம்ம வீட்ல சீக்கிரம் செட் ஆகும்.

இடம்

ஒரு நாளைக்கு 5, 6 மணி நேரம் நேரடி வெயில் வேணும். நிழல்ல வச்சா சாகாது, இலையா வளரும், பூ மட்டும் வராது. காலைல வெயில் அடிச்சு மதியம் மூணு மணிக்கு மேல நிழல் விழுற இடம் கிடைச்சா ரொம்ப நல்லது, முக்கியமா சென்னை, வேலூர், மதுரை மாதிரி மே மாசம் வாட்டுற ஊர்கள்ல. ஊட்டி கொடைக்கானல்ல இருக்கிறவங்க வெளில வைக்காதீங்க, 10 டிகிரிக்குக் கீழ போற குளிரு இதுக்கு ஆகாது.

தரையில வைக்கிறவங்க காம்பவுண்ட் சுவரை விட்டு ரெண்டு மூணு அடியாவது தள்ளி வைங்க. அழகுக்காக எல்லாரும் சுவரை ஒட்டித்தான் வரிசையா வைப்பாங்க, அங்கதான் வீடு கட்டும்போது கொட்டின சிமெண்ட் கலவையும் ரப்பீஸும் மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடக்கும், சுவர்லருந்து சுண்ணாம்பும் மழையில கரைஞ்சு இறங்கும். புது வீடுன்னா இது இன்னும் மோசம்.

மண்ணை டெஸ்ட் பண்றது

இதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. செடி வைக்கப் போற இடத்துல அரை அடி ஆழத்துல ஒரு கைப்பிடி மண்ணு எடுத்து நல்லா காய வச்சு ஒரு கிண்ணத்துல போட்டு மேல ரெண்டு ஸ்பூன் வினிகர் ஊத்துங்க. காதைக் கிட்ட வச்சு கேளுங்க, புசுபுசுன்னு சத்தத்தோட நுரை கிளம்புச்சுன்னா மண்ணுல சுண்ணாம்பு இருக்குன்னு அர்த்தம். கோயம்புத்தூர் பக்கம் கரிசல்ல சுக்கான் கல்லு (சுண்ணாம்புக் கட்டி) இருக்கிற நிலத்துல நல்லாவே பொங்கும். நுரை வரலைன்னா பெரிய அளவுல சுண்ணாம்பு இல்லன்னு எடுத்துக்கலாம், ஆனா பிஎச் எவ்வளவுன்னு இதுல தெரியாது, அதுக்கு பிஎச் பேப்பர் வாங்கிப் பாக்கலாம், இல்லன்னா மாவட்டத்துல இருக்கிற அரசு மண் பரிசோதனை நிலையத்துல குடுத்தா உப்பு அளவோட சேத்து சொல்லிடுவாங்க.

பொங்குற மண்ணா இருந்தா தரையில வைக்கிற ஆசையை விட்டுட்டு தொட்டியில வைங்க. கந்தகம் போட்டு மண்ணை மாத்தலாம்னு சொல்வாங்க, சுண்ணாம்பு இல்லாத மண்ணுல அது வேலை செய்யும், சுண்ணாம்பு நிறைஞ்ச மண்ணுல நீங்க போடுற கந்தகத்துலருந்து வர்ற அமிலத்தை எல்லாம் அந்தச் சுண்ணாம்பே தின்னுடும், காசுதான் போகும். கன்னியாகுமரி மாவட்டத்துல மழை அதிகமா இருக்கிற செம்புறை மண்ணுல இந்தத் தலைவலி எதுவுமே இல்ல, அங்க வேலியோரத்துல யாரும் கவனிக்காமலே பூத்துக் குலுங்கும், அதுக்குக் காரணம் மண்ணே இயல்பா அமிலத்தன்மையா இருக்கறதுதான்.

தொட்டியும் மண் கலவையும்

மினி ரகத்துக்கு 10 இன்ச், பெரிய ரகத்துக்கு 12லருந்து 14 இன்ச் தொட்டி போதும். அடியில ஓட்டை நல்லா திறந்திருக்கான்னு பாருங்க, பிளாஸ்டிக் தொட்டியில பாதி ஓட்டை அடைஞ்சேதான் வரும், நம்மதான் குத்தி விடணும்.

கலவைக்கு செம்மண் ரெண்டு பங்கு, மண்புழு உரமோ நல்லா மக்கின தொழுவுரமோ ஒரு பங்கு, கோகோபீட் (தென்னை நார்த் தூள்) ஒரு பங்கு, ஆத்து மணல் அரைப் பங்கு. கூட ரெண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கோகோபீட்டை ஊற வச்சு ரெண்டு மூணு தடவை தண்ணிய மாத்திப் பிழிஞ்சுட்டு போடுங்க, அதுல உப்பு இருக்கும். கடல் மணல் வேண்டவே வேண்டாம், கிளிஞ்சல் தூளும் உப்பும் சேந்து வரும்.

எதைப் போடக்கூடாதுங்கறது இந்தச் செடிக்கு ரொம்ப முக்கியம். முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல், உமிச் சாம்பல், சுண்ணாம்பு இது எல்லாமே மண்ணைக் காரமாக்கும். எலும்புத் தூள்லயும் கால்சியமும் பாஸ்பரஸும் நிறைய, பாஸ்பரஸ் அதிகமானா இரும்பு கிடைக்கறது இன்னும் கஷ்டமாகும். ரோஜாவுக்கும் தக்காளிக்கும் நல்லதுன்னு கேட்டு எல்லாத் தொட்டிலயும் முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுறவங்க இட்லிப்பூவை மட்டும் விட்டுடுங்க.

நடுறது

நர்சரிக் கவர்லருந்து எடுக்கும்போது வேரைச் சுத்தி களிமண் உருண்டையா இறுகிப் போயிருக்கும். ஆந்திராவுல ராஜமுந்திரி பக்கத்துல இருக்கிற கடியம் நர்சரிகள்லருந்து லாரில வர்ற செடிங்க நிறைய இப்படித்தான் இருக்கும், தூரம் போகும்போது உடையக்கூடாதுன்னு கெட்டி மண்ணுல வைக்கிறாங்க. அதை அப்படியே தூக்கி லேசான கலவைக்குள்ள வச்சா, ஊத்துற தண்ணி சுத்தி இருக்கிற கலவையில இறங்கிப் போயிடும், நடுவுல இருக்கிற உருண்டை காஞ்சே கிடக்கும், மேல பாத்தா ஈரமா இருக்கும் செடி மட்டும் வாடும், நம்மளும் தண்ணி போதலையோன்னு இன்னும் ஊத்துவோம். அதனால கவரோட ஒரு பக்கெட் தண்ணில அரை மணி நேரம் வச்சு, களிமண்ணு இளகினதும் விரலால வெளி ஓரத்தை மட்டும் மெதுவா உதிர்த்து விடுங்க, மூணுல ஒரு பங்கு மண்ணு உதிர்ந்தா போதும், மொத்தமா அலசி வேரை வெறுமையாக்க வேண்டாம், இட்லிப்பூவோட வேர் மெல்லிசு, அறுந்துட்டா செடி மீள ரொம்ப நாளாகும்.

சாயங்காலமா நடுங்க. பழைய மண்மட்டத்துக்கு மேல தண்டு புதையக்கூடாது. பூவும் மொட்டும் இருந்தா மனசைத் தேத்திக்கிட்டு கிள்ளிடுங்க. ஒரு வாரம் பத்து நாள் நிழல்ல வச்சு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வெயிலுக்குப் பழக்குங்க. தரையில வைக்கிறவங்க ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி எடுத்து இதே கலவையை நிரப்பி வைங்க, வேலி மாதிரி வரணும்னா மினி ரகத்துக்கு ஒரு அடி இடைவெளி, பெரிய ரகத்துக்கு 3 அடி.

தண்ணி

மேல் மண்ணுல ஒரு இன்ச் விரலை விட்டுப் பாத்து காஞ்சிருந்தா ஊத்துங்க, அடி ஓட்டை வழியா கொஞ்சம் வெளிய வர்ற அளவுக்கு. மொட்டை மாடில மே மாசம் காலைலயும் சாயங்காலமும் தேவைப்படலாம், மழை நாள்ல வாரத்துக்கு ஒரு தடவை கூட வேண்டியிருக்காது. மேல காஞ்ச இலையை ரெண்டு இன்ச் கனத்துக்குப் பரப்பி விட்டா ஈரமும் நிக்கும், மக்கி உரமாவும் ஆகும்.

எந்தத் தண்ணிங்கறதுதான் பெரிய விஷயம். உங்க வீட்டு குழாய்ல, கெய்சர்ல, தண்ணி காய்ச்சுற பாத்திரத்துல வெள்ளையா படலம் பிடிக்குதா? அந்தப் படலம்தான் தொட்டி மண்ணுலயும் தினமும் சேருது. நல்ல அமிலமான கலவையில வச்ச செடி கூட இந்தத் தண்ணிய ஆறு மாசம் ஊத்தினா மண்ணோட பிஎச் மெல்ல ஏறி இலை வெளுக்க ஆரம்பிக்கும், நர்சரில நல்லா இருந்தது வீட்ல கெடுறது பெரும்பாலும் இப்படித்தான். ஆர்ஓ மெஷின்லருந்து வெளிய வர்ற கழிவுத் தண்ணி அதை விட மோசம், உப்பெல்லாம் செறிஞ்சு வருது, அதை இட்லிப்பூவுக்கு ஊத்தாதீங்க. மழைத் தண்ணிதான் அமிர்தம். மொட்டை மாடிக் குழாய்லருந்து ஒரு டிரம்ல பிடிச்சு மூடி வச்சுக்கோங்க, கொசு வராம வலை கட்டுங்க. ஏசில சொட்டுற தண்ணிலயும் உப்பு கிடையாது, அதையும் சேத்து வச்சு ஊத்தலாம். முழுக்க முழுக்க அதையே ஊத்த முடியாட்டியும் பாதிக்குப் பாதி மாத்தினாலே வித்தியாசம் தெரியும். முதல் ரெண்டு பெரிய மழைக்கு தொட்டியை நல்லா நனைய விடுங்க, சேந்த உப்பெல்லாம் கழுவிட்டுப் போகும்.

இலை மஞ்சளானா

உடனே எதையாவது ஊத்தாம எந்த இலை மஞ்சளாகுதுன்னு பாருங்க. நுனில புதுசா வந்த இலையில நரம்பு மட்டும் பச்சையா இருந்து நடுவுல மஞ்சளாவோ வெளுப்பாவோ இருந்தா அது இரும்புச் சத்துக் குறை. இட்லிப்பூவுல பெரும்பாலும் இதுதான். மண்ணுல இரும்பு இல்லன்னு இல்ல, செம்மண்ணு சிவப்பா இருக்கறதே இரும்பாலதான், பிஎச் ஏறினதால வேரால அதை எடுக்க முடியல. அடி இலை மொத்தமா ஒரே சீரா மஞ்சளாச்சுன்னா நைட்ரஜன் குறை. அடி இலையில ஓரம் மட்டும் மஞ்சளாகி நடுவுல பச்சை நின்னா மெக்னீசியம், லிட்டருக்கு 5 கிராம் எப்சம் சால்ட் கலந்து தெளிச்சா போதும். பழைய இலையில செந்நிறப் புள்ளி விழுந்தா பொட்டாஷ் பத்தலைன்னு பாக்கணும். தொட்டி எப்பவும் சதசதன்னு இருந்தாலும் வேர் மூச்சு முட்டி புது இலை வெளுக்கும், அதனால இரும்பு குடுக்கறதுக்கு முன்னாடி அடி ஓட்டை அடைச்சிருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க.

இரும்புக் குறைக்கு உடனடி வைத்தியம் அன்னபேதி உப்பு, அதாவது பெர்ரஸ் சல்பேட். உரக்கடைல கிடைக்கும், இளம்பச்சை நிறத்துல இருக்கணும், துருப்பிடிச்ச மாதிரி பழுப்பா மாறிப் போனதை வாங்காதீங்க. ஒரு லிட்டர் தண்ணில முதல்ல அரை எலுமிச்சம்பழம் பிழிஞ்சுட்டு அப்புறம் 3லருந்து 5 கிராம் அன்னபேதி கரைச்சு, வெயில் தாழ்ந்ததும் இலையில ரெண்டு பக்கமும் நனையுற மாதிரி தெளிங்க. கலந்த அன்னிக்கே தெளிச்சுடணும். பூ மேல படக்கூடாது, கறுத்துப் போகும், டைல்ஸ்லயும் துணிலயும் பட்டா துருக் கறை போகவே போகாது. பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளில ரெண்டு மூணு தடவை பண்ணா புதுசா வர்ற இலை பச்சையா வரும். ரொம்ப வெளுத்த பழைய இலை முழுசா பச்சையாகாது, அதைப் பாத்து சோந்து போகாதீங்க, புது இலைதான் கணக்கு.

மண்ணுல ஊத்தணும்னா அன்னபேதி பலன் தராது, கார மண்ணுல விழுந்ததும் துருவா மாறி செடிக்குக் கிடைக்காமப் போயிடும். கீலேட் இரும்புதான், அதாவது துருவா மாறாம கரைஞ்சே இருக்கிற மாதிரி செஞ்ச இரும்புதான் வாங்கணும், அதுலயும் பாக்கெட்ல எந்த வகைன்னு படிச்சுப் பாருங்க. இடிடிஏ (EDTA) வகை பிஎச் ஆறரை வரைக்கும்தான் தாங்கும், டிடிபிஏ (DTPA) ஏழு சொச்சம் வரைக்கும், நம்ம போர் தண்ணி மண்ணுக்கு இடிடிஎச்ஏ (EDDHA) வகைதான் சரி. விலை ஜாஸ்திதான், ஆனா ஒரு தொட்டிக்கு 1 கிராமை ஒரு லிட்டர் தண்ணில கரைச்சு வேர்ல ஊத்தினா போதும், தண்ணி கருஞ்சிவப்பா இருக்கும், பயப்பட வேண்டாம். இது இலையில தெளிக்கிறதுக்கு இல்ல. கூடவே நீண்ட கால வைத்தியமா 12 இன்ச் தொட்டிக்கு ஒரு டீஸ்பூன் கந்தகத் தூளை மேல் மண்ணுல கொத்தி விடுங்க, மண்ணுல இருக்கிற பாக்டீரியா அதை மெதுவா அமிலமா மாத்தும், மாசக் கணக்குல நேரம் எடுக்கும், அவசரப்பட்டு அடுத்த வாரமே இன்னொரு ஸ்பூன் போடாதீங்க.

காபித்தூள் சக்கை போட்டா மண்ணு அமிலமாகும்னு ரொம்ப பேர் நம்புறாங்க. டிகாஷன் இறக்கும்போதே அமிலம் பெரும்பாலும் அதோட போயிடுது, மிச்சச் சக்கை கிட்டத்தட்ட நடுநிலைதான், மக்க வச்சு உரத்துல சேத்துக்கலாம், வைத்தியமா நினைக்க வேண்டாம். கறிவேப்பிலைக்கு ஊத்துற புளிச்ச மோரும் அப்படித்தான், தண்ணியா கரைச்சு எப்பவாவது ஊத்தினா கெடுதல் இல்ல, வெளுத்த செடியை அது மட்டும் மீட்காது.

உரம்

இதுக்கு அகோரப் பசியெல்லாம் கிடையாது. மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டு கைப்பிடி மண்புழு உரம், பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை கடலைப் புண்ணாக்கை மூணு நாள் ஊற வச்சு தெளிஞ்சதை ஒண்ணுக்குப் பத்து தண்ணி கலந்து ஊத்துங்க, அவ்வளவுதான். ரசாயன உரம் போடுறவங்க அம்மோனியம் சல்பேட் அரை டீஸ்பூன் மாசம் ஒரு தடவை ஈர மண்ணுல போட்டு தண்ணி ஊத்தலாம், அது நைட்ரஜனும் குடுக்கும் மண்ணையும் அமிலமாக்கும், நமக்கு ரெண்டும் வேணும்.

வெட்டி விடுறது

பூ எப்பவுமே புதுக் கிளையோட நுனிலதான் வரும். அதனால கொத்து வாடினதும் அப்படியே விடாம, கொத்துக்குக் கீழ ரெண்டு ஜோடி இலை விட்டு வெட்டுங்க. வெட்டின இடத்தை உத்துப் பாருங்க, இலைங்க எதிரெதிரா ஜோடியா இருக்கும், ஒவ்வொரு இலைக் கக்கத்துலயும் ஒரு மொட்டு தூங்கிட்டு இருக்கும், வெட்டின கொஞ்ச நாள்ல ரெண்டு பக்கமும் ரெண்டு தளிர் கிளம்பும், ஒரு கொத்து இருந்த இடத்துல அடுத்த சுத்துக்கு ரெண்டு கொத்து. ஒன்றரை ரெண்டு மாசத்துல பூத்துடும். வேலியா வச்சவங்க கத்திரியால வாராவாரம் மட்டம் தட்டிட்டே இருந்தா நுனி மொட்டெல்லாம் பூக்குறதுக்கு முன்னாடியே போயிடும், சதுரமா அழகா இருக்கும், பூ இருக்காது. எனக்கு இட்லிப்பூவை சதுரமா வெட்டுறதே பிடிக்காது, அது பாட்டுக்கு உருண்டையா வளர விட்டா அதோட அழகே தனி. ரொம்ப உயரமா போனா மழை ஆரம்பிக்கிற ஜூன் ஜூலைல மூணுல ஒரு பங்கு குறைக்கலாம், கத்திரி வெயில்ல வேண்டாம்.

பூச்சி

எறும்பு வரிசையா செடில ஏறுதுன்னா மேல மாவுப்பூச்சியோ அசுவினியோ செதில் பூச்சியோ இருக்குன்னு அர்த்தம், அதுங்க விடுற தேன் மாதிரி கழிவுக்குத்தான் எறும்பு வருது, அந்தக் கழிவு படிஞ்ச இலையில கறுப்பா கரி பூசின மாதிரி பூசணம் வரும். கொஞ்சமா இருந்தா தண்ணிய வேகமா பீய்ச்சி அடிச்சாலே போயிடும். இல்லன்னா லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், ரெண்டு மில்லி சோப்புக் கரைசல் நல்லா குலுக்கி சாயங்காலம் இலைக்கு அடில படுற மாதிரி வாரம் ஒரு தடவை, மூணு வாரம் அடிங்க. பூ பூத்திருக்கும்போது கடை மருந்து எதுவும் அடிக்காதீங்க, தேன் குடிக்க வர்ற சிட்டும் பட்டாம்பூச்சியும் பாவம்.

புதுச் செடி உண்டாக்க

மழைக் காலம்தான் சரியான நேரம். பூக்காத கிளையில, ரொம்ப இளசாவும் இல்லாம முத்தியும் போகாம பென்சில் கனத்தை விட கொஞ்சம் மெல்லிசா இருக்கிற குச்சியை 5, 6 இன்ச் நீளத்துக்கு கணுவுக்குக் கீழ வெட்டுங்க. மேல ரெண்டு இலையை மட்டும் விட்டு, அந்த இலையையும் பாதியா நறுக்கி, வேர் ஹார்மோன் பவுடர்ல நுனியைத் தொட்டு, மணலும் கோகோபீட்டும் சமமா கலந்த கப்புல ரெண்டு கணு புதையுற மாதிரி குத்துங்க. மேல பிளாஸ்டிக் கவர் கட்டி வெளிச்சமான நிழல்ல வைங்க. செம்பருத்தி மாதிரி ரெண்டு மூணு வாரத்துல வேர் வரும்னு எதிர்பாக்காதீங்க, இது ஆறு எட்டு வாரம் கூட எடுக்கும், நடுவுல இழுத்து இழுத்துப் பாத்தீங்கன்னா வந்த வேரும் அறுந்துடும். கவருக்குள்ள புதுத் தளிர் ஒரு ஜோடி முழுசா விரிஞ்சதுக்கு அப்புறம் கவர்ல தினமும் ஒரு ஓட்டையா போட்டு ஒரு வாரம் காத்துக்குப் பழக்குங்க, அடுத்து அதே மண் கலவையில சின்னத் தொட்டிக்கு மாத்துங்க. முதல் கொத்து மொட்டு வந்தா கிள்ளிடுங்க, ரெண்டாவது கொத்துலருந்து பூக்க விடலாம்.